முதல் மூன்று நாள் வசூல் முன்கணிப்பு உபகுழு

ஸ்ரீ சோமாஸ்கந்தர் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலைக் கேட்கப் போன ஒரு மனிதர், சினிமா நிபுணராக ஆக்கப்பட்டு வீடு திரும்பிய கதை இது. அவர் பெயர் பஞ்சாட்சரம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு தறி வைத்திருந்தார். சங்கப் பதிவேட்டில் அந்தத் தறிக்கு எண் 217. வருஷத்துக்கு நாலு படம் பார்ப்பார், அதிலும் இரண்டில் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார். இது நடந்தது எழுபதாம் வருஷக் கோடையில். இதில் சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் நல்ல எண்ணத்தோடு செயல்பட்டார்கள் என்று சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. நானும் அதை நம்பித்தான் எழுத ஆரம்பித்தேன்.

முந்தின கோடையில் வந்த ஒரு படத்தில் கதாநாயகி, கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒரு பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கத் தூணைச் சுற்றி ஓடினாள். அடுத்த வாரமே மெட்ராஸிலிருந்தும் வேலூரிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்து, அந்தப் புடவைதான் வேண்டும் என்று காந்தி ரோட்டில் நின்றார்கள். தனியார் கடைக்காரர்கள் அவசர அவசரமாக நெய்யச் சொல்லி வாங்கி விற்றார்கள். சங்கத்தின் அலமாரியில் அப்போது இருந்தவை மயில்கழுத்து நிறத்தில் கட்டம் போட்ட புடவைகள் மட்டும்தான், மொத்தம் நானூற்றுப் பதினொன்று. சங்கம் அந்தப் பெண்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தது.

இந்த அவமானம் இனி வரக் கூடாது என்பதற்காகப் பங்குனியில் பொதுக்குழு கூடியது. சங்கத்தின் தலைவர் ராமலிங்கம் பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரர். நிலம் இருந்தது, வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் இருந்தது, கட்சியில் செல்வாக்கு இருந்தது. தலைவர் ஒரு நெசவாளராக இருக்க வேண்டும் என்று விதி சொல்வதால் தறி எண் 1 அவர் பெயரில் இருந்தது. அந்தத் தறி அவருடைய மாட்டுக்கொட்டகையில் இருந்தது. அதன்மேல் வைக்கோல் இருந்தது.

“படம் ஓடுனா புடவை ஓடும்” என்று ஆரம்பித்தார் ராமலிங்கம். “படம் ஓடுமா ஓடாதாங்கறது முதல் மூணு நாள் வசூல்ல தெரிஞ்சிடும். ஆனா வசூல் தெரிஞ்சப்புறம் நெய்ய ஒக்காந்தா நமக்கு நேரம் பத்தாது. ஆகவே, வசூல் வர்றதுக்கு முந்தியே வசூல் எவ்வளவுன்னு இந்தச் சங்கம் தெரிஞ்சிக்கும். அது தெரியற வரைக்கும் ஒரு இழைப் பட்டு வெளியில போகாது. நான் தறியில ஒக்காந்தவன் இல்ல. இவ்வளவு தூரம் யோசிக்க எனக்கு நேரம் கிடைச்சதே அதனாலதான்.”

கை தட்டினார்கள். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று பாவுக்கு முதலிலேயே சாயம் போட்டுத்தான் தறியில் ஏற்ற முடியும். ஒரு பாவில் மூன்று புடவை. ஏற்றிவிட்டால் ஒன்றரை மாதத்துக்கு அதை மாற்ற முடியாது. ஆகவே எந்தப் படம் ஓடும் என்று கணிக்க ஒரு உபகுழு அமைப்பது என்றும், அது முடிவாகாமல் யாருக்கும் பாவு கொடுப்பதில்லை என்றும் பதினேழாவது தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து யாரும் கை தூக்கவில்லை. தீர்மானத்தின் பின்பாதியை வாசிக்கும்போது டீ வந்துவிட்டது.

பஞ்சாட்சரத்தின் தறி மாசிக் கடைசியிலேயே காலியாகிவிட்டது. சித்திரை பிறந்து ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்க அலுவலகத்துக்குப் போனார். அங்கே செயலாளர் வேலாயுதம் இருந்தார். மாதச் சம்பளக்காரர். சங்கத்தின் துணைவிதிகள் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

“சார், பாவு வந்துச்சிங்களா?”

“வரும்பா. முதல்ல வசூல் வரணும்.”

“இன்னா வசூல்?”

“வைகாசியில ஒரே வெள்ளிக்கிழமை ரெண்டு படம் வருது. ரெண்டுல எது மூணு நாள்ல அதிகமா வசூல் பண்ணும்னு கணிச்சிக்கினு இருக்கோம்.”

“அது படம் வந்தப்புறம் தானா தெரிஞ்சிடுமே.”

“வந்தப்புறம் தெரிஞ்சிக்கறதுக்கு உபகுழு எதுக்குபா?”

பஞ்சாட்சரத்தின் கவலை வேறு. தொடர்ந்து தொண்ணூறு நாள் புடவை கொண்டுவந்து கொடுக்காத உறுப்பினரின் தறி எண்ணை ரத்து செய்யலாம் என்று இருபத்து மூன்றாவது விதி சொல்கிறது. அதைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஆமா, ரத்து பண்ணிடுவோம்” என்றார் வேலாயுதம்.

“பாவு குடுக்காதது நீங்கதானே சார்?”

“பாவு குடுக்காதது பதினேழாவது தீர்மானம். நம்பரை அடிக்கறது இருபத்தி மூணாவது விதி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லபா. வேற வேற ஃபைலு.”

அந்த எண் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு வரை பஞ்சாட்சரம் ஒரு முதலாளியிடம் நெய்துகொண்டிருந்தார். முதலாளி சொன்னதுதான் கூலி, முதலாளிக்குப் பிடிக்காத புடவைக்கு அதுவும் இல்லை. சங்கத்தில் எண் கிடைத்த பிறகுதான் அவர் கூலி கேட்கும்போது நிமிர்ந்து நிற்கப் பழகினார். சங்க உறுப்பினர் தனியாரிடம் பாவு வாங்கினால் அன்றைக்கே எண் போய்விடும். ஆகவே தறியைச் சும்மா போட்டுவிட்டுக் காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

அவர் எழுந்து கிளம்பும்போது வேலாயுதம் கூப்பிட்டார்.

“நீ சினிமா பாப்பியா?”

“அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு இல்லீங்களா, எப்பனா போவேன்.”

“எந்த டிக்கெட்டு?”

“தரை டிக்கெட்டு.”

வேலாயுதம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். உபகுழுவில் சாதாரண ரசிகர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று விதி இருந்தது. அது வரைக்கும் ஆள் கிடைக்கவில்லை. பஞ்சாட்சரம் அன்று மாலையே ‘தரை டிக்கெட் பிரதிநிதி’யாக நியமிக்கப்பட்டார். நியமன உத்தரவு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் மனைவி தையல்நாயகி அதைப் பாவு வாங்கிக்கொள்ளச் சொல்லும் சீட்டு என்று நினைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

உபகுழுவின் முதல் கூட்டத்துக்கு மெட்ராஸிலிருந்து யேசுதாஸ் என்ற புள்ளிவிவர நிபுணர் வந்திருந்தார். அவருக்குப் போக வர முதல் வகுப்புக் கட்டணம், தங்க லாட்ஜ், காபிக்குத் தனிப்படி. ஊரில் இரண்டு நடிகர்களுக்கும் ரசிகர் மன்றங்கள் இருந்தன, அவர்கள் சோடா பாட்டில் எறிவதிலும் கெட்டிக்காரர்கள். ஆகவே படங்களின் பெயரை உபகுழுவில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று முதலில் முடிவாயிற்று. குதிரையும் கத்தியும் வரும் படம், படம் எண் 1. அழுகைப் படம், படம் எண் 2.

“பிரிடிக்‌ஷன் ஒரு சயின்ஸ்” என்றார் யேசுதாஸ். “ஊர்ல எத்தனை சுவரொட்டி ஒட்டியிருக்கு, படத்துல எத்தனை சண்டை, எத்தனை அழுகை, அன்னிக்கு வெயில் எத்தனை டிகிரி, எல்லாத்தையும் ஃபார்முலாவுல போட்டா வசூல் பைசா சுத்தமா வந்துடும். போன வருஷம் திருச்சியில நான் பதினாலாயிரம்னு சொன்னேன். மூவாயிரம் வந்தது. தப்பு ஃபார்முலாவுல இல்ல, திருச்சியில.”

தலைவர் ராமலிங்கம் இதைக் கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். ஊர் தப்பாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் அவருக்கு வெகுநாளாகவே உண்டு.

அடுத்த கூட்டத்துக்கு சந்தானலட்சுமி டாக்கீஸின் மேனேஜர் முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இருபது வருஷமாக டிக்கெட் கொடுத்த மனிதர். வசூலை எப்படித் தெரிந்துகொள்வார் என்ற கேள்விக்கு, “முதல் ஆட்டத்துக்கு சைக்கிள் ஸ்டாண்டைப் பாத்தாலே தெரிஞ்சிடும்ங்க” என்று சொல்லிவிட்டு, வேலை இருப்பதாக எழுந்து போய்விட்டார். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு உபகுழு இரண்டு மணி நேரம் விவாதித்தது. கடைசியில், புதுப்படம் வருவதற்கு முன்பே சைக்கிள்களை எண்ணிவிடுவது என்றும், அதைத் தரை டிக்கெட் பிரதிநிதி செய்வது என்றும் தீர்மானித்தார்கள்.

பஞ்சாட்சரம் மூன்று நாள் சித்திரை வெயிலில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து எண்ணினார். டாக்கீஸில் அப்போது ஏழாவது வாரமாக ஏதோ பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் பதினோரு சைக்கிள், இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாளும் பதினொன்று, ஆனால் அதில் ஒன்று பஞ்சரான சைக்கிள், அதைச் சேர்க்கலாமா என்று கேட்டுச் செயலாளருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பதில் வர ஆறு நாள் ஆயிற்று. பஞ்சர் ஒட்டிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

“எண்ணிட்டு வந்ததுக்கு எதுனா குடுத்தாங்களா?” என்று தையல்நாயகி கேட்டாள். அவள் அப்போது தனியாருக்கு நெய்யும் பக்கத்து வீட்டுக்கு ஊடைநூல் தார் சுற்றிக் கொடுத்துக் கிடைத்த சில்லறையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தாள்.

“கௌரவப் பதவியாம்.”

“கௌரவத்தை இன்னா பண்றது, உலையில போடறதா?”

அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவுவாள். அன்று எல்லாப் பாத்திரமும் மூன்று முறை கழுவப்பட்டது. பெரிய அண்டா மட்டும் கழுவப்படவில்லை, அது அடகுக்குப் போயிருந்தது.

சித்திரைக் கடைசியில் யேசுதாஸ் ஃபார்முலாவின் விடையோடு வந்தார். ஒரு பெரிய வரைபடத் தாளைச் சுவரில் ஒட்டிக் காட்டினார். படம் எண் 1-இன் முதல் மூன்று நாள் வசூல், இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது பைசா. படம் எண் 2-இன் வசூலும் அதே இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது பைசா. சண்டையின் எண்ணிக்கையும் அழுகையின் எண்ணிக்கையும் சமமாக இருந்ததால் அப்படி வந்துவிட்டதாம்.

தலைவர், விஞ்ஞானத்தால் ஆகாத இடத்தில் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டார். மறுநாள் காலை உபகுழு மொத்தமும் குளித்துவிட்டுக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய், படம் எண் 1-க்குச் சிவப்புப் பூவும் படம் எண் 2-க்கு வெள்ளைப் பூவுமாகத் தனித்தனிப் பொட்டலம் கட்டி, சன்னதியில் வைத்துக் கும்பிட்டது. ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. ‘நவீன புள்ளியியல் முறைப்படி ஆய்ந்து, படம் எண் 2 தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று வேலாயுதம் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். அந்தக் குறிப்பேட்டை நான் பார்த்திருக்கிறேன். பூ வாங்கிய செலவு அதில் ‘எழுதுபொருள்’ என்று இருக்கிறது.

அன்றைக்குத்தான் பஞ்சாட்சரம் உபகுழுவில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இந்த ஊர்ல படம் பாக்கறவங்க யாரு? பாதிப் பேரு நம்மளுதான். நமக்குக் கூலி வந்தாத்தான் டிக்கெட்டு. பங்குனியிலேர்ந்து யாருக்கும் பாவு இல்ல, கூலி இல்ல. படம் வந்தா யாருங்க போவாங்க? முதல்ல பாவு குடுத்துட்டீங்கன்னா, நீங்க சொன்ன வசூலு தானா வந்துடுங்க. அதுவும் வெள்ளி, சனி, ஞாயிறுன்னு கணக்குப் போட்டுக்கிறீங்க. நம்மளவங்க ஞாயித்துக்கிழமை தறியிலதான் இருப்பாங்க. அமாவாசைக்குத்தான் கொட்டாய்க்குப் போவாங்க. இந்த அமாவாசை அந்த மூணு நாள்ல வரல.”

யேசுதாஸ் அவரைப் பரிவோடு பார்த்தார். “நைஸ் பாயின்ட். ஆனா ஃபார்முலாவுல அமாவாசைக்கு எடம் இல்லையே.”

“கூலிக்கு?”

“கூலி ஒரு நல்ல சப்ஜெக்ட். அடுத்த வருஷம் தனியா எடுத்துக்கலாம்.”

பஞ்சாட்சரத்தின் பேச்சு குறிப்பேட்டில் ஒரே வரியில் இருக்கிறது: ‘தரை டிக்கெட் பிரதிநிதி மகிழ்ச்சி தெரிவித்தார்.’

வைகாசித் திருவிழாவின் கருடசேவை முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு படமும் வந்தன. சந்தானலட்சுமி டாக்கீஸில் படம் எண் 2. தோரணம், மேளம், கதாநாயகனின் ஆளுயரப் படத்துக்குக் கற்பூரம் எல்லாம் இருந்தன. அறுநூறு பேர் உட்காரும் இடத்தில் முதல் காட்சிக்கு வந்தவர்கள் தொண்ணூற்று எட்டுப் பேர், அவர்களில் எழுபது பேர் மன்றத்துக்காரர்கள். தறிக்காரர் ஒருவரும் வரவில்லை. வசூல் அறுபத்தொரு ரூபாய் நாற்பது பைசா. குதிரைப் படத்துக்கும் இதே கதிதான் என்று கேள்விப்பட்டேன், ஆனால் அதைப் பற்றிச் சங்கத்துக்குக் கவலை இல்லை.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். முகம் வெளுத்திருந்தது. கணிப்பைப் பற்றி ஏற்கெனவே பத்திரிகைக்குச் சொல்லியாகிவிட்டது, ஜில்லா அதிகாரியும் பாராட்டிக் கடிதம் எழுதிவிட்டார்.

“சங்கம் சொன்ன சொல் பொய்யாகக் கூடாது” என்றார். “சொன்னது இரண்டாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு ரூபா அறுபது பைசா. அது வரணும். ஜனங்க கணிப்பை மதிக்கலன்னா, ஜனங்களைக் கணிப்புக்குக் கொண்டு வர்றதுதான் கூட்டுறவு.”

அன்று மதியமே தண்டோரா போட்டுச் சொன்னார்கள். சங்க உறுப்பினர்கள் நானூறு பேரும் எஞ்சிய எட்டுக் காட்சிகளுக்கும் வர வேண்டும். டிக்கெட்டைச் சங்கமே வாங்கும். அந்தப் பணம் அவரவருடைய வருங்காலக் கூலியில் ‘திரைப்பட முன்பணம்’ என்று பிடித்துக்கொள்ளப்படும். வராதவர்களுக்குப் பாவு கொடுக்கும்போது கடைசி வரிசை.

பாவு என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லோரும் போனார்கள். பஞ்சாட்சரமும் போனார். மூன்று நாளில் எட்டு முறை அந்தப் படத்தைப் பார்த்தார். இரண்டாவது முறை எல்லோரும் கூடச் சேர்ந்து அழுதார்கள். நாலாவது முறை யார் எப்போது சாவார்கள் என்று முன்கூட்டியே சத்தமாகச் சொன்னார்கள். ஆறாவது முறை வில்லன் வந்ததும், “யோவ், சீக்கிரம் அவனைக் கொன்னுட்டுப் போயா, வீட்டுல வேல இருக்குது” என்று பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் கெஞ்சினார். அவர் வீட்டில் வேலை எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.

வேலாயுதம் முதல் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, கதாநாயகி கட்டியிருந்த புடவைகளைக் குறித்துக்கொண்டிருந்தார். அதற்காகத்தானே இவ்வளவும். ஆனால் கதாநாயகியின் கணவன் இரண்டாவது ரீலிலேயே பாலத்திலிருந்து விழுந்து செத்துவிடுகிறான். அதற்குப் பிறகு படம் முடியும் வரை அவள் வெள்ளைப் புடவையில்தான் வருகிறாள். கரை கிடையாது, சரிகை கிடையாது. வேலாயுதம் எட்டுக் காட்சிகளிலும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று எழுதினார். வசூல் எவ்வளவு வரும் என்று இரண்டு மாதம் கணித்தவர்களில் யாருக்கும் அவள் என்ன புடவை கட்டுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காட்சிக்கு இன்னொரு சிக்கல் வந்தது. சங்கம் வாங்கியதும் வெளியாட்கள் வாங்கியதும் சேர்ந்து வசூல் சரியாக இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் அறுபது பைசாவுக்கு வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் வந்து இறங்கியது. எட்டுப் பேர். தலைவரே கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“டிக்கெட்டு இல்ல.”

“உள்ள எடம் காலியா கீதே.”

“எடம் இருக்குது. கணிப்புல எடம் இல்ல.”

“காசு குடுக்கறோம்யா.”

“அதாம்மா பிரச்சனை.”

அந்தக் குடும்பம் படம் பார்க்காமலே திரும்பிப் போயிற்று. முனிரத்தினம் டிக்கெட் அறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு இதைப் பார்த்தார். இருபது வருஷத்தில் ஒரு ஆளையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை பாராட்டு விழா. கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்ததாக ஜில்லா அதிகாரி பேசினார். யேசுதாஸுக்குப் பொன்னாடை, தலைவருக்குப் பொன்னாடை, வேலாயுதத்துக்கு ஒரு பேனா. கூட்டம் கலைந்ததும் பஞ்சாட்சரம் வேலாயுதத்திடம் போய் நின்றார்.

“கணிப்பு முடிஞ்சிடுச்சிங்களே சார். பாவு எப்ப?”

“வெள்ளைன்னு முடிவாயிருக்குது.”

“முகூர்த்த மாசத்துல வெள்ளைப் புடவை யாரு சார் வாங்குவாங்க?” கேட்டுவிட்டு அவருக்கே பயமாகிவிட்டது. “பரவால்ல சார், வெள்ளையாவது குடுங்க. நெய்ஞ்சித் தரேன்.”

“பால் வெள்ளையா, சங்கு வெள்ளையா, தும்பைப்பூ வெள்ளையாங்கறதுக்கு ஒரு உபகுழு போட்டுக்கிறோம். ஆனி மாசம் கூடுது.”

வைகாசி முடிந்தபோது தொண்ணூறு நாள் முடிந்திருந்தது. பஞ்சாட்சரத்துக்கு நோட்டீஸ் வந்தது. தொண்ணூறு நாளாக உற்பத்தி இல்லை. மூன்று நாள் தொடர்ந்து சினிமா கொட்டகையில் பொழுதைக் கழித்திருப்பது டிக்கெட் பதிவின் மூலம் தெரியவருகிறது. தறி எண் 217-ஐ ஏன் ரத்து செய்யக் கூடாது? பஞ்சாட்சரம் அதைப் படித்துவிட்டு, மனைவி பார்க்கக் கூடாது என்று மடியில் செருகிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகத்தில் வேலாயுதம் ஆறுதலாகவே பேசினார். “ஒண்ணும் பயப்படாதே. வசூல் கணிப்பு இவ்வளவு நல்லா பலிச்சதால, இனிமே உறுப்பினர்களும் கணிக்கணும்னு தலைவர் கொண்டு வந்துக்கிறாரு. இந்தப் படிவத்துல அடுத்த மூணு மாசத்துல எத்தனை புடவை நெய்வேன்னு எழுதிக் குடு. கணிப்பு சரியா இருந்தா நம்பர் பத்திரம். தப்புனா நம்பர் போயிடும்.”

படிவத்தை வாங்கிப் பார்த்தார் பஞ்சாட்சரம். பெயர், தறி எண், கணிப்பு, கையொப்பம். வேலாயுதத்தின் புதுப் பேனாவையே வாங்கி, கணிப்பு என்ற இடத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, கையெழுத்தும் போட்டு மேஜையில் வைத்தார்.

“மூணு மாசம் கழிச்சி வந்து பாருங்க. ஒரு இழை தப்பாது.”

கோபித்துக்கொள்வார்கள், வெட்கப்படுவார்கள், யாராவது ஒருவர் அலமாரியைத் திறந்து ஒரு பாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேலாயுதம் படிவத்தை மேலும் கீழும் படித்தார். முகம் மலர்ந்தது. முத்திரை குத்தினார்.

“நல்ல கணிப்பு. யாரும் இவ்வளவு தெளிவா எழுதல. உன் நம்பருக்கு இனிமே ஒண்ணும் ஆகாது.”

“பாவு?”

“அதெப்படிபா? நீயே பூஜ்யம்னு எழுதிட்ட. இப்ப பாவு குடுத்தா கணிப்பு தப்பாயிடும். சங்கத்துக்கு நல்ல பேரு வந்துக்கினு இருக்கற நேரத்துல அந்தப் பழி எனக்கு வேணாம்.”

“வேற படிவம் குடுங்க, அஞ்சின்னு எழுதறேன்.”

“ஆளுக்கு ஒண்ணுதான்.”

“அப்ப நான் மூணு மாசம் இன்னா சார் பண்றது?”

“ஒண்ணும் பண்ணாம இருக்கணும்” என்றார் வேலாயுதம். “அதுல மட்டும் கவனமா இரு.”

வீட்டில் தையல்நாயகி எல்லாவற்றையும் கேட்டாள். இந்த முறை அவள் பாத்திரம் எதையும் கழுவவில்லை. “பழைய முதலாளி வூட்டுக்குப் போயிட்டு வாங்க” என்றாள். “கூலி கம்மியாத்தான் குடுப்பான். திட்டுவான். குடுக்கறானே.”

பஞ்சாட்சரம் போனார். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்தப் படியேறியபோது வெட்கமாக இருந்தது. முதலாளி எந்தப் படத்தின் வசூலையும் பற்றிக் கேட்கவில்லை. கூலியைப் பழைய கணக்குக்கும் கீழே சொல்லிவிட்டு, குங்குமச் சிவப்பு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு பாவை எடுத்துக் கொடுத்தான்.

இருபது நாள் கழித்து ஒரு காலையில் தலைவரும் வேலாயுதமும் ஒரு போட்டோக்காரரோடு தெருவுக்குள் வந்தார்கள். சங்கத்திலேயே மிகத் துல்லியமாகக் கணித்த உறுப்பினர் என்று பஞ்சாட்சரத்துக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுவதாகத் திட்டம். பாதித் தெருவிலேயே தறிச் சத்தம் கேட்டது. வேலாயுதம் நின்றார். சத்தம் 217-லிருந்துதான் வந்தது.

தலைவர் வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தார். உண்மையாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

“இப்பிடி பண்ணிட்டியேபா. நூத்துக்கு நூறா இருந்த சங்கம்.”

பஞ்சாட்சரம் தறிக் குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. “இன்னும் ஒரு மொழம் இருக்குதுங்க. ஒக்காருங்க, முடிச்சிட்டு வரேன்.”

அவர்கள் உட்காரவில்லை. வேலாயுதம் நின்றபடியே பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, பஞ்சாட்சரத்தின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். தையல்நாயகி கதவோரம் நின்று அதைப் பார்த்தாள்.

“இனிமே பாவு கேட்டு அவரு அங்க வர வேணாங்களா?” என்று கேட்டாள்.

“வேணாம்மா.”

“சினிமாவுக்கு?”

“அதுவும் வேணாம்.”

“எழுதிக் குடுங்க சார்” என்றார் பஞ்சாட்சரம், தறியிலிருந்தே.

வேலாயுதம் அங்கேயே, பொன்னாடைப் பெட்டியின்மேல் வைத்து எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தி நீட்டினார். பஞ்சாட்சரம் சங்கத்தில் இருந்த பன்னிரண்டு வருஷத்தில், கேட்ட அன்றைக்கே அவர் கைக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு காகிதம்தான்.